கோடு தொட்ட கால்

அந்தப் பயிற்சி மைதானத்தில் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். காலையில் ஈட்டி எறிகிற பெண்களில் யாருடைய தூரம் எல்லாவற்றிலும் குறைவோ, அவள்தான் அன்றைக்கு முழுவதும் மற்றவர்களுடைய ஈட்டிகளைப் பொறுக்கி வர வேண்டும். அன்றைக்கு அவளுக்குப் பெயரே 'பொறுக்கி'தான். "பொறுக்கி எங்க போனா?" என்று மாஸ்டர் கத்தினால் மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவள் மறுநாள் பொறுக்கி.

எங்கேயும் அப்படிச் செய்யக் கூடாது. எல்லோரும் எறிந்து முடித்து, விசில் ஊதியதும், சேர்ந்து நடந்து போய் அவரவர் ஈட்டியை அவரவர் எடுத்து வருவதுதான் முறை. தரையில் நட்டுக்கொண்டு நிற்கிற ஈட்டியின் வால் ஓடி வருகிறவரின் கண்ணுக்கு நேராகச் சாய்ந்திருக்கும். அதனால் ஓடக் கூடாது. பக்கவாட்டில் போய் வாலை ஒரு கையால் பிடித்து, நிமிர்த்தி, பிறகுதான் பிடுங்க வேண்டும். களத்துக்குள் ஓர் ஆள் நின்றாலும் யாரும் எறியக் கூடாது. எறியும் முன் "ஈட்டி!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். இதெல்லாம் மாஸ்டருக்குத் தெரியாததல்ல. பெரிய எழுத்தில் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார். "சுவத்துல இருக்கறது பாக்க வர்றவங்களுக்கு. நமக்கு நான் சொல்றதுதான்" என்பார்.

பெரியவளும் சின்னவளும் ஒரு தையல்காரியின் மகள்கள். சாவி வெட்டுகிற கடைக்கு மேலே ஒரே அறைதான் வீடு. அறையில் பாதியைத் தையல் மெஷினும் துணி மூட்டைகளும் அடைத்திருக்க, மீதியில் மூவரும் படுத்தார்கள். அப்பா என்ற ஒருவர் இருந்தார், போனார். அதற்கு மேல் அவரைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு கிடையாது. பெரியவளுக்கு நல்ல தோள். பள்ளிக்கூடத்தில் பந்து எறியப் போனவளை மாஸ்டர் பார்த்துவிட்டு ஈட்டிக்கு இழுத்துக்கொண்டார். சின்னவள் அக்காளுக்குத் துணைக்கு என்று கூடவே போனாள். துணைக்குப் போனவளும் ஒருநாள் சும்மா ஒரு ஈட்டியை எடுத்து எறிந்து பார்த்தாள். அப்படித்தான் அவளும் சேர்ந்தாள்.

பெரியவள் உழைப்பாளி. முழங்கை தோளுக்குக் கீழே இறங்காமல், ஈட்டியின் முனை நெற்றிப் பொட்டை விட்டு விலகாமல், சொல்லிக் கொடுத்ததை அச்சு மாறாமல் செய்வாள். சின்னவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஓடி வரும் வேகத்தை அவளால் நிறுத்த முடியாது. எறிந்த பிறகு கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிய கால், கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். ஆனால் ஈட்டி அவள் கையை விட்டுப் போகும்போது ஒரு சத்தம் வரும், துணியைக் கிழிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் பெரியவளின் ஈட்டிக்கு ஒருநாளும் வந்ததில்லை. இது இருவருக்கும் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலையிலும் அதுதான் நடந்தது. சின்னவள் எறிந்தது எல்லாமே கோடு தாண்டிய எறி, ஒன்றும் செல்லாது. ஆனால் அதில் ஒன்று, பெரியவள் தன் வாழ்நாளில் எறிந்த எல்லாவற்றையும் தாண்டிப் போய் விழுந்தது. மாஸ்டர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோடு தாண்டினா தாண்டினதுதான். நீதான் இன்னிக்குப் பொறுக்கி" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு, பெரியவள் பக்கம் திரும்பினார். "பாத்தியா? உன் தங்கச்சி ஒழுங்கா நிக்கக் கத்துக்கிட்டான்னு வை, அப்புறம் நீ அவளுக்குத் தண்ணி பாட்டில் தூக்க வேண்டியதுதான்."

பெரியவள் சிரித்தாள். சிரிக்கத்தானே வேண்டும்.

வெயில் ஏறியதும் மற்ற பெண்கள் கை கால் கழுவப் போய்விட்டார்கள். மைதானத்தில் மூன்று பேர்தான். சின்னவள் களத்தின் நடுவில் குனிந்து ஈட்டிகளைப் பிடுங்கி மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு இந்தப் பக்கம். பெரியவள் கையில் கடைசியாக ஓர் ஈட்டி இருந்தது. காற்று நன்றாக இருந்தது.

"போடு" என்றார் மாஸ்டர்.

"அவ உள்ள நிக்கறா மாஸ்டர்."

"நின்னா என்ன? நீ போட்டா அவ வரைக்கும் போயிடுமா? போடு, போடு, காத்து மாறிடும்."

விசில் ஊதினார்.

பெரியவள் ஓடினாள். தங்கையின் முதுகு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கத்த வேண்டிய இடம் வந்தது, வாய் திறக்கவில்லை. இடது காலை முட்டுக்கொடுத்து ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளுக்கு மேலே கையைக் கொண்டுவந்து விட்டாள். ஈட்டி அவள் கையை விட்டுப் போகும்போது துணி கிழிகிற சத்தம் வந்தது. அன்றைக்குத்தான், முதல் தடவையாக.

சத்தம் கேட்டு நிமிர்ந்து சின்னவள் விலக ஓர் அடி வைத்தாள். ஈட்டி அவள் வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக நுழைந்து, மறுபக்கம் தரையில் குத்தி நின்றது. அவள் விழவில்லை. விழ முடியாதபடி ஈட்டி அவளைத் தரையோடு சேர்த்துத் தைத்திருந்தது.

முதலில் ஓடிப்போனவள் பெரியவள்தான். ஈட்டியைப் பிடுங்கக் கூடாது, ஆடவும் விடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்து, ஆட்கள் ரம்பம் போட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுக்கிறவரை அவள் பிடி தளரவில்லை. தங்கையின் காதுக்குப் பக்கத்தில் அவள் வாய் இருந்தது. பார்த்தவர்கள் ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் சொன்னது ஒன்றைத்தான்.

"சொல்லிடாதடி. சொல்லிடாதடி."

விளையாட்டு வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி ஆஸ்பத்திரிக்கே விசாரிக்க வந்தார். கட்டிலைச் சுற்றி மாஸ்டர், அம்மா, பெரியவள். டாக்டர் அதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: எலும்பு சேர்ந்துவிடும், நரம்பு அறுந்தது அறுந்ததுதான், பாதத்தை இனி மேல்நோக்கித் தூக்க முடியாது, நடக்கும்போது விரல் தரையில் இழுபடும்.

"என்ன நடந்துச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

மாஸ்டர் பெரியவளைப் பார்த்தார். மறுமாதம் அணித் தேர்வு. பெயர் கொடுக்க வேண்டியவர் அவர்.

"நான் கத்தினேன் சார். எறியும்போது களம் காலியாத்தான் இருந்துச்சு. அவளா குறுக்க ஓடி வந்துட்டா" என்றாள் பெரியவள். ஒரே மூச்சில், ஒப்பிக்கிற மாதிரி.

அதிகாரி கட்டில் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், கையை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"அவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் சார். கவனம் பத்தாது. ரோட்டைத் தாண்டும்போதும் இப்படித்தான் ஓடுவா."

"ஆமா சார். நாந்தான் பாக்காம போயிட்டேன்" என்றாள் சின்னவள்.

விசாரணை அத்துடன் முடிந்தது. மாஸ்டர் வெளியே போய் எல்லோருக்கும் டீ சொன்னார்.

பெரியவள் தேர்வில் எறிந்தாள். கை நடுங்கும், தங்கை நினைவு வரும் என்றெல்லாம் அவளே பயந்துகொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. நன்றாகவே எறிந்தாள், தேறினாள். செய்தித்தாளில் ஒரு மூலையில் படம் வந்தது. அம்மா அதை வெட்டி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் சின்னவள் காஜா எடுத்துப் பொத்தான் தைக்க வேண்டும்.

வீட்டில் சின்னவளுக்குத் திட்டு நிற்கவே இல்லை. படியேறும்போது கால் விரல் இடித்து ஒலி வந்தால் மேலிருந்து அம்மா குரல் கேட்கும்: "கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு அன்னிக்கு? ஈட்டி வர்றது தெரியாம நிக்கறவ எவளாவது உண்டா?" துணி வாங்க வருகிறவர்கள் அந்தக் காலைப் பார்த்து விசாரித்தால் அம்மாவே பதில் சொல்வாள்: "எங்க போய்ச் சொல்றது? தானா போய்த் தலையக் குடுத்தா." அவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். பெரியவள் அப்போதெல்லாம் ஏதாவது சாக்கில் அறையை விட்டு வெளியே போய்விடுவாள். சின்னவள் வாயில் நூலை வைத்துக் கடித்துக்கொண்டு குனிந்தே இருப்பாள். எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

மைதானத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நடத்துகிற டிரில் டீச்சர் ஒருத்தி, கட்டையும் குட்டையுமாக, எப்போதும் பெரிய குரலில் பேசுகிறவள், சின்னவள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதை நாலைந்து தடவை கவனித்துவிட்டுக் கேட்டாள்: "எதுக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்கற? உள்ள வந்து கொடி பிடி. எனக்கு ஆள் பத்தல."

அப்படித்தான் அவள் நடுவர் ஆனாள். பரீட்சை எழுதித் தேறினாள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்கள். குண்டு எறிதல், வட்டு எறிதல், நீளம் தாண்டுதல் எல்லாவற்றுக்கும் போனாள். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால், மழை வந்தாலும் கண் கோட்டை விட்டு அகலாது. செல்லும் என்றால் வெள்ளைக் கொடி, செல்லாது என்றால் சிவப்பு. யாரும் அவளிடம் எதிர்த்துப் பேசுவதில்லை. வாழ்க்கையில் அவள் ஒன்றைச் சொல்லி மற்றவர்கள் கேட்டுக்கொள்கிற இடம் அது ஒன்றுதான். ஈட்டிக்கு மட்டும் தன்னைப் போட வேண்டாம் என்று டீச்சரிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள். டீச்சர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்கவில்லை.

வருஷங்கள் போயின. பெரியவளுக்கு முழங்கையில் வலி வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அவளை விடப் பத்து வயது குறைந்த பெண்கள் அவளைத் தாண்டி எறிந்தார்கள். மாஸ்டர் பயிற்சியை விட்டுவிட்டுத் தேர்வுக் குழுவில் போய் உட்கார்ந்துவிட்டார். தொப்பையும் வெள்ளை ஷூவுமாகப் பந்தலுக்கு அடியில் இருப்பார். பெரியவளுக்கு இன்னும் ஒரு தேர்வுப் போட்டிதான் மிச்சம். முதல் மூன்று பேருக்குள் வந்தால் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் அத்தோடு சரி.

அந்தப் போட்டிக்கு சின்னவள் வட்டு எறிதல் நடுவராகத்தான் போயிருந்தாள். ஈட்டிக் கோட்டில் உட்கார வேண்டியவர் வாந்தி எடுத்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டார். டீச்சரும் அன்றைக்கு வரவில்லை. தலைமை நடுவர், அகலமான வைக்கோல் தொப்பி போட்ட ஒரு மனிதர், அவசரமாக வந்து அவளிடம் இரண்டு கொடிகளையும் நீட்டினார்.

"நீ போய் ஈட்டில உக்காரும்மா. எறியறவங்கள்ல உனக்குச் சொந்தம் யாராவது இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடு."

"இல்ல சார்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. பொய் சொல்கிறோம் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

பெரியவள் ஓடுபாதைக்கு வந்தபோது முக்காலியில் தங்கை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நடுவர் தன் தங்கை என்று சொல்ல வேண்டியது அவளுடைய கடமையும்தான். சொல்லவில்லை. குனிந்து ஷூ கயிற்றை இறுக்குவது போல முக்காலிக்குப் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்:

"பாத்துக்கோடி."

சின்னவள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காலையில்தான் அதற்கு வெள்ளை வண்ணம் பூசியிருந்தார்கள்.

பெரியவளின் எறிகள் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கொடி ஏறியது. எல்லாமே முறையான எறிதான். ஒன்றுகூடத் தூரம் போகவில்லை. கடைசி எறி வந்தபோது அவள் நாலாவது இடத்தில் இருந்தாள். பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஈட்டியின் பிடிக்கயிற்றில் விரலைச் சுற்றி, ஒரு மூச்சு இழுத்து, ஓடத் தொடங்கினாள்.

அந்த ஓட்டம் வேறு மாதிரி இருந்தது. முழங்கை வலியை மறந்து ஓடினாள். குறுக்கு அடிகள் ஒன்றுக்கு ஒன்று நீண்டுகொண்டே போயின. முட்டுக்கொடுக்கிற கால் வழக்கத்தை விடக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. கை சுழன்றது. ஈட்டி போன வேகத்தில் கூட்டத்தில் ஒரு 'ஓ' எழுந்தது. எறிந்த வேகம் பெரியவளை முன்னால் தள்ளியது. வலது காலைக் குத்தி நிறுத்தினாள். நின்றுவிட்டாள். கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் ஷூவின் நுனி, அதில் இருந்த முதல் ஆணி, புது வண்ணத்தின் மேல் ஒரு நகக்கீறல் அளவுக்குக் கீறிவிட்டுப் பின்வாங்கியது.

கோட்டைத் தாண்ட வேண்டும் என்றில்லை, தொட்டாலே செல்லாது. சின்னவள் எழுந்து சிவப்புக் கொடியைத் தூக்கினாள்.

தூரத்தில், மூன்றாம் இடத்தை எல்லாம் தாண்டி நின்ற ஈட்டியைக் கள உதவியாளர் சிவப்பைப் பார்த்ததும் பிடுங்கி எடுத்துவிட்டார். அளப்பதற்கு இனி அடையாளமே இல்லை.

பெரியவள் ஒரு நிமிஷம் கொடியையே பார்த்தாள். பிறகு முக்காலியை எட்டி உதைத்தாள்.

"தொடல! நான் தொடவே இல்ல சார்!"

வைக்கோல் தொப்பிக்காரர் ஓடி வந்தார். "நடுவர் சொன்னா சொன்னதுதாம்மா. கத்தாத."

"அவ நடுவர் இல்ல சார், என் தங்கச்சி!"

தொப்பிக்காரர் சின்னவளைப் பார்த்தார். "சொந்தம் இல்லன்னு சொன்னியே?"

சின்னவள் கொடியை இறக்கவில்லை.

தொப்பிக்காரர் தாடையைச் சொறிந்தார். "சரி, தங்கச்சியாவே இருக்கட்டும். தங்கச்சின்னா உனக்குச் சாதகமாத்தானே கொடி தூக்குவா? எதுக்கு எதிராத் தூக்கணும்?"

"பழி வாங்கறா சார். இத்தன வருஷமா மனசுல வச்சிருந்து பழி வாங்கறா."

"என்ன பழி?"

பெரியவள் வாயை மூடினாள். சுற்றிலும் மற்ற வீராங்கனைகள், அளவு நாடாவோடு உதவியாளர்கள், தள்ளிப் பந்தலில் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிற தேர்வுக் குழு. இனி எறிவதற்கு அவளுக்கு வாய்ப்பில்லை. காரணம் சொன்னால்தான் உண்டு.

"அவ கால இப்படி ஆக்கினது நாந்தான் சார்" என்றாள். "ப்ராக்டிஸ்ல நடந்துச்சு. அவ களத்துக்குள்ள குனிஞ்சு நின்னா. எனக்குத் தெரியும். முதுகு தெரிஞ்சுது. மாஸ்டர் போடுன்னாரு, விசில் ஊதினாரு. நான் கத்தல. கத்தணும்னு தெரியும், கத்தல. போட்டுட்டேன். அப்புறம் அவளா குறுக்க வந்தான்னு பொய் சொன்னோம். அவளும் ஆமான்னு சொல்லிட்டா. அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் இப்பக் கொடி தூக்கறா. நம்புங்க சார். இதவிட வேற என்ன காரணம் வேணும்?"

அழுதுகொண்டு சொல்லவில்லை. வழக்கில் சாட்சியை அடுக்குகிறவள் மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக, விடாமல் சொன்னாள். இத்தனை வருஷம் யார் கேட்டும் வராத உண்மை, ஓர் எறி செல்லுபடியாக வேண்டும் என்றதும் வந்துவிட்டது.

சின்னவள் அவளைப் பார்க்கவில்லை. இழுபடுகிற காலோடு கோட்டருகே போய், சிரமப்பட்டுக் குனிந்து, விரலால் காட்டினாள். வெள்ளையில் ஒரு கீறல், அடியில் பழைய மண் நிறம் தெரிய.

"இங்க பாருங்க சார். ஆணி பட்டிருக்கு."

தொப்பிக்காரர் குனிந்து பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகம் இல்லை. விரலால் தடவிக்கூடப் பார்த்தார். நிமிர்ந்தபோது பந்தலிலிருந்து மாஸ்டர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"பாவம், பதட்டத்துல என்னென்னமோ உளறுது பொண்ணு. தண்ணி குடுங்கப்பா" என்றார் மாஸ்டர். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. தொப்பிக்காரரின் தோளில் கையைப் போட்டு, குரலைத் தாழ்த்தினார். "பழைய கதையெல்லாம் நமக்கெதுக்கு? சொந்தத்த மறைச்சு உக்காந்த நடுவரோட கொடி செல்லுமா, அத மட்டும் பாருங்க."

"செல்லாதுதான்" என்றார் தொப்பிக்காரர்.

"அப்ப எறிக்குப் பதில் எறி குடுங்க. சட்டம் அதுதானே?"

"கீறல் சார்?" என்றாள் சின்னவள்.

"காலையிலேர்ந்து எத்தன பேர் ஓடியிருக்காங்க. யார் கீறலோ" என்றார் தொப்பிக்காரர். பிறகு அவள் சட்டையிலிருந்த பட்டையை அவரே கழற்றினார். ஊசி சற்றுச் சிக்கியது. துணி கொஞ்சம் கிழிந்தது. "பொய் சொல்லிட்டு உக்காந்துட்டியேம்மா. நடுவருக்கு நேர்மைதானே முக்கியம்?"

உண்மையைச் சொன்னவளுக்கு இன்னோர் எறி கிடைத்தது. கீறலைக் காட்டியவளை வேலிக்கு வெளியே போகச் சொன்னார்கள்.

பெரியவள் திரும்ப எறிந்தாள். முன்னதைப் போலப் பிரமாதம் இல்லை. ஆனால் மூன்றாம் இடத்துக்குப் போதுமானதாக இருந்தது. புது நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். மாஸ்டர் கை தட்டினார். அவள் சொன்னதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது காதில் விழுந்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் அடுத்த ஓட்டப் பந்தயத்தைப் பார்க்கப் போய்விட்டிருந்தார்கள்.

வீடு ஒன்று, பஸ் ஒன்று. இருவரும் அதே பஸ்ஸில்தான் திரும்ப வேண்டியிருந்தது. சின்னவள் காலை நீட்டி முன்னால் உட்கார்ந்தாள். பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. இறங்கும் இடம் வந்ததும் வழக்கம்போலத் தங்கையின் கையைப் பிடிக்கப் போனாள். சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள்.

மேலே அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது.

"என்னாச்சு?"

"செலக்ட் ஆயிட்டேன்மா."

அம்மா இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டு எழுந்தாள். பிறகு சின்னவளின் சட்டையில் கிழிசலைப் பார்த்தாள். "இதென்ன? எங்க போய் மாட்டிக்கிட்டே? உனக்குக் கண்ணு..."

"அக்கா" என்றாள் சின்னவள். "அங்க எல்லார் முன்னாடியும் சொன்னியே. அத இங்க ஒருதடவ சொல்லு."

பெரியவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு விழுந்திருந்தது. அதையே நோண்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுக்கா. உனக்குத்தான் இன்னொரு எறி கிடைச்சாச்சே. இப்ப எனக்காகச் சொல்லு."

"என்னடி சொல்லணும்?" என்றாள் அம்மா.

பெரியவள் வாய் திறக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் சின்னவளே சொன்னாள். "அன்னிக்கு நானா குறுக்க போகலம்மா. நான் உள்ளதான் நின்னேன். அவ பாத்துக்கிட்டேதான் எறிஞ்சா. கத்தல."

அம்மா மெஷினில் இருந்த துணியை எடுத்து உதறினாள். நாலாக மடித்தாள். மூட்டையின் மேல் வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

பெரியவளின் கை முடிச்சிலேயே நின்றது.

"ஆஸ்பத்திரியில அவ மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும். நான் பெத்தவடி. எனக்குத் தெரியாதா, எது பொய் சொல்லுது, எது மெய் சொல்லுதுன்னு?"

"தெரிஞ்சுமா இத்தன வருஷம் என்னத் திட்டினே? வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நானா போய்த் தலையக் குடுத்தேன்னு சொன்னே?"

"திட்டாம இருந்திருந்தா நீ வாயத் தொறந்திருப்பே" என்றாள் அம்மா. கோபம் இல்லை அந்தக் குரலில். துணிக்கு அளவு சொல்கிற மாதிரி இருந்தது. "உன் கால் போச்சு. அழுதா வருமா? அவ கையாவது மிஞ்சட்டும்னு பாத்தேன். ரெண்டு கண்ணுல ஒண்ணு போச்சுன்னா, இன்னொண்ணையும் நோண்டிக்கவா முடியும்?"

அப்போதுதான் பெரியவள் அழுதாள். தலையை முழங்காலில் முட்டிக்கொண்டு, பெரிய சத்தத்தோடு அழுதாள். தான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்தது மறைந்தே இருக்கவில்லை என்பதற்கா, தங்கைக்காகவா என்று சொல்ல முடியாது. அம்மா விறுவிறுவென்று போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதடி. ஒண்ணுமில்ல. நாளைக்கு ப்ராக்டிஸ் இருக்குல்ல? அழுதா உடம்பு தளர்ந்திடும். எந்திரி, மூஞ்சியக் கழுவு."

சின்னவள் கதவில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். தன் பக்கம் யாராவது திரும்புவார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாளோ என்னவோ. பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த தன் பையை எடுத்தாள். அதில் போட அவளுக்கு அதிகம் இல்லை.

"இந்த நேரத்துல எங்கடி போற? விளக்கு வைக்கற நேரம்" என்றாள் அம்மா.

படிகளில் விரல் இடிபடும் ஒலி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. மேலிருந்து அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதலில் டிரில் டீச்சர் வீட்டில் தங்கினாள். அவளை நடுவர் பட்டியலில் திரும்பச் சேர்க்க டீச்சர் யார் யாரிடமோ கத்திப் பார்த்தாள், நடக்கவில்லை. மாஸ்டர் இருக்கிற வரைக்கும் நடக்காது என்று ஒருவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். பெரியவள் பெரிய போட்டிக்குப் போனாள். தகுதிச் சுற்றிலேயே பின்தங்கி, அடுத்த விமானத்தில் திரும்பி வந்தாள். அதற்கு மேல் முழங்கை மடங்கவில்லை. மாஸ்டர் அவளை ஒரு பயிற்சி மையத்தில் உதவியாளாக வைத்துக்கொண்டார். அங்கே இப்போது அவள்தான் விசில் ஊதுகிறாள் என்று சொல்கிறார்கள். பொறுக்கி வழக்கம் அங்கே இருக்கிறதா என்று தெரியவில்லை.

சின்னவளுக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு பெரிய கடையில் வேலை கிடைத்தது. காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று சீக்கிரமே பெயர் வாங்கினாள். பிறகு அளவு எடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள்.

ஒருநாள் மதியம் அம்மா அந்தக் கடைக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்திருந்தாள், தலை கலைந்திருந்தது, இளைத்தும் போயிருந்தாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மேஜைக்கு முன்னால் வந்து, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னவள் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க, யாருக்கு அளவு எடுக்கணும்?" என்று கேட்டாள்.

அம்மா நாடாவைப் பார்த்தாள். "யாருக்கும் இல்ல" என்றாள்.

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னாடி ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

அம்மா தள்ளி நின்றாள்.